கதிர்வேலுக்கு நான் சொன்ன புத்தி

மைசூரில் நான் மாலை நேரங்களைக் கழிக்கும் கூடைப்பந்து மைதானத்தில் ஒரு விநோதம் உண்டு. எங்கள் கிளப் ஆட்டக்காரர் பந்தைக் கூடைக்குள் போட்டால் படிக்கட்டில் இருப்பவர்கள் பேருக்கு இரண்டு தட்டு தட்டுவார்கள். எதிரணிக்காரன் கூடைவரை வந்து, வழி கிடைக்காமல் திரும்பினால்தான் எழுந்து நின்று ஆரவாரம் செய்வார்கள். நான் பிறந்து வளர்ந்த கரூரில் இது தலைகீழ். பந்து வலையைத் தொட்டதும் அங்கே விசில் பறக்கும். தடுத்தவன் பெயர்கூட யாருக்கும் நினைவிருக்காது. வந்த புதிதில் இவர்களுக்கு ஆட்டமே தெரியவில்லை என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் நானும் அப்படியே ஆகிவிட்டேன்.

ஏழெட்டு மணி நேரப் பேருந்துப் பயணம், இதற்குப் போய்ப் புலம்பெயர்வு என்று பெயரா என்று ஊரிலிருப்பவர்கள் சிரிக்கலாம். கடல் தாண்டவில்லை, பாஸ்போர்ட் எடுக்கவில்லை. நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை கிடைத்தது, வந்தேன். ஆனால் காய்கறிக்காரரிடம் வாயைத் திறக்குமுன் வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தால் அது வேற்றூர்தான். இப்போது அந்தச் சிரமம் இல்லை. என் மகள் என்னிடம் கோபித்துக்கொள்வதே கன்னடத்தில்தான்.

படிக்கட்டில் என் இடம் இரண்டு பேருக்கு நடுவில். ஒருவர் நாகராஜு, பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தடுப்பாட்டத்துக்குக் கைதட்டும் வழக்கத்தை அங்கே பரப்பியவரே அவர்தான். இன்னொருவர் சமீர். மண்டி மொஹல்லாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். கூடை விழாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. இந்தப் பருவத்துக்கு எங்கள் கிளப் தடுப்பாட்டத்துக்கென்றே ஓர் ஆளை எடுத்திருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து இருவருக்கும் ஓயாத வாக்குவாதம். “ஒரு மேட்ச்சுக்கு நாலு பாயிண்ட்கூடப் போடாதவனை எதற்கு எடுத்தார்கள்?” என்பார் சமீர். “ஸ்கோர் போர்டு நோடபேடா, எதிராளி முக நோடு” என்பார் நாகராஜு. அந்த ஆள் யாரை மறிக்கிறானோ அவனுடைய முகத்தைப் பார்த்தால் போதுமாம், பலகையைப் பார்க்க வேண்டாமாம்.

வந்தவன் பெயர் கதிர்வேல், வயது இருபத்துநான்கு, சொந்த ஊர் கரூர். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாள் பயிற்சியிலேயே அவன் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. தடுப்பாட்டத்தில் பாதி வேலை கால்களுக்கு, மீதி வேலை தொண்டைக்கு. பந்து வைத்திருப்பவனைத் துரத்திக்கொண்டு ஓடும் நம் ஆளின் வழியில் எதிரணியைச் சேர்ந்த ஒருவன் சுவர் மாதிரி வந்து நிற்பான். அதற்கு ஸ்க்ரீன் என்று பெயர். ஓடுபவனுக்கு அது தெரியாது. பின்னால் இருப்பவன்தான் கத்திச் சொல்ல வேண்டும். கதிர்வேல் கத்தினான். “டேய், லெஃப்ட்ல நிக்கிறான் பாரு! விட்ராத, நான் இருக்கேன்!” எல்லாம் தமிழில். படிக்கட்டில் எங்கோ ஒருவர் அதே மாதிரி கத்திக் காட்ட, நாலு பேர் சிரித்தார்கள். யார் யார் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் காவிரித் தண்ணீருக்காக இரண்டு மாநிலங்களும் முறைத்துக்கொண்ட சமயத்தில், எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரர் வந்து இரண்டு நாள் வெளியே தலைகாட்ட வேண்டாம் என்றார். பாலும் ரொட்டியும் அவரே வாங்கி வந்து தந்தார். எனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு பேருந்தில் அக்காவின் போன் வந்தால் என் குரல் தானாக இறங்கிவிடும். “திருடன் மாதிரி ஏன்டா பேசுற?” என்று அவள் கேட்பாள். சிக்னல் சரியில்லை என்பேன்.

அன்று மாலையே கதிர்வேலை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். மூன்றாவது தோசையில் விஷயத்துக்கு வந்தேன். “தம்பி, இங்க கிரவுண்டுல தமிழ்ல கத்தாத. கன்னடம் பழகுற வரைக்கும் வாய மூடிட்டு ஆடு.”

“கத்தாம எப்புடிங்ணா ஆடறது? பின்னாடி வர்றவன யாருங்ணா சொல்றது?”

“சொன்னாக் கேளு. நாலு பேரு நாலு விதமா இருப்பாங்க.”

“சரிங்ணா,” என்றான். பிறகு, வேலை உறுதியானால் நஞ்சன்கூட்டில் ஒரு வீடு பார்த்துத் தரச் சொன்னான். ஆட்டம் திருப்தியாக இருந்தால் அங்கே ஒரு தொழிற்சாலையில் நிரந்தர வேலை வாங்கித் தருவதாகக் கிளப்பில் பேச்சு. அவன் மனைவி ஆறு மாதக் கர்ப்பம், தாய்வீட்டில் இருந்தாள். நல்ல புத்தி சொன்ன நிம்மதியில் அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அடுத்த மூன்று ஆட்டங்களிலும் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினான். அவன் மறித்த ஆள் ஒவ்வொரு முறையும் திணறினான். மற்ற நால்வரைச் சுற்றிக்கொண்டு எதிரணி வந்து போட்டது. மூன்றாவது ஆட்டத்தில் எங்கள் தர்ஷன், ஸ்க்ரீனுக்கு நின்றவன்மேல் முழு வேகத்தில் மோதி விழுந்தான். தோள்பட்டை இறங்கிவிட்டது. அவனுக்குப் பின்னால் எல்லாவற்றையும் பார்த்தபடி கதிர்வேல் நின்றிருந்தான்.

“கோடே தந்தித்தாரே,” என்றார் சமீர். சுவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள், சுவர் எங்காவது பேசுமா என்று சிரித்தார். நாகராஜு சிரிக்கவில்லை. “ஏனய்யா, நிம் ஊர் ஹுடுக மாத்தே ஆடல்வல்லா?” என்று என் பக்கம் திரும்பினார். உங்கள் ஊர்ப் பையன் வாயே திறக்க மாட்டேன் என்கிறானே, ஞாயிற்றுக்கிழமையும் இப்படியே ஆடினால் ஊருக்கு அனுப்பிவிடப் போகிறார்களாம் என்றார்.

ஒரு நிமிடம் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கீழே அவன் தனியாக உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவனை வாய்மூட வைத்தது நான்தான் என்று கன்னடத்தில் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். தோசை சுட்ட அன்று அவனிடம் சொன்னதை அப்படியே சொன்னேன்.

நாகராஜு முழுசாக என் பக்கம் திரும்பினார். “நம்மன்ன கண்ட்ரே நினகே பயானா?” என்றார். எங்களைக் கண்டால் உனக்குப் பயமா?

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவர் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, பயிற்சியாளரிடம் போய்விட்டார். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. என் மகளின் பிரசவத்துக்கு ரத்தம் கொடுத்த மனிதர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை, பயிற்சியாளர் சொன்னபடி, கதிர்வேல் தமிழிலேயே கத்தி ஊரையே கூட்டினான். இடைவேளைக்குப் பிறகு மற்ற நால்வரும் “விட்ராத, விட்ராத” என்று அவனுக்கே திருப்பிக் கத்தினார்கள். சமீர் என் காதுக்குள் அதையே கத்தினார். எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் கடைசியில் பந்தைத் தரையில் அறைந்துவிட்டுப் போனான். இரண்டு பாயிண்டில் நாங்கள் தோற்றோம். ஆனாலும் கிளப் அவனை வைத்துக்கொண்டது. போன வாரம் வேலைக்கான கடிதமும் வந்துவிட்டது. வீடு பார்த்துவிட்டேன், குழந்தை பிறந்ததும் மனைவியைக் கூட்டிவருவான்.

நேற்று மைதானத்துக்குப் போனபோது ஆட்டம் தொடங்கியிருந்தது. நாகராஜு என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து, கையிலிருந்த செய்தித்தாளைப் பிரித்து என் இடத்தில் விரித்தார். வெளியூரிலிருந்து ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு அவர் அப்படித்தான் விரிப்பார். இத்தனை வருடமும் எனக்கு வெறும் சிமெண்ட்தான், “பாரய்யா, குத்கோ” தான், ‘வாய்யா, உட்காரு’ என்பதோடு சரி.

“வாங்க சார், உக்காருங்க,” என்றார், தமிழில். யாரிடமோ கேட்டுப் பழகியிருக்கிறார். முகத்தில் துளி கோபம் இல்லை.

“நாகராஜண்ணா, பேப்பர் யாகே?” என்று கன்னடத்தில் கேட்டேன், பேப்பர் எதற்கு என்று.

“பரவால்ல சார்,” என்றார் மறுபடியும் தமிழில். “உக்காருங்க.”