புழு மருந்துக்கு நாலு நாள் தாமதம்

வில்லாபுரத்தில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். நான் ஜாக்கெட் தைப்பவள். வெட்டுத்துணி போட்டு வைக்கும் கூடையில்தான் ஒரு தெருப்பூனை வந்து மூன்று குட்டிகள் போட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் என் வீட்டுக்காரர், "நமக்கே பாடா இருக்கு, இதுக வேறயா?" என்று சலித்துக்கொள்வார். ஆனாலும் திரும்பி வரும்போது கையில் மீன் தலை இருக்கும்.

இரண்டாவது மாதத்தில் குட்டிகளுக்கு வயிறு உப்பியது. நன்றாகத் தின்பதால் தொப்பை போடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு காலையில் வெள்ளைக் குட்டி வாந்தி எடுத்தது. அதில் சேமியா போல ஒன்று நெளிந்தது.

பக்கத்துத் தனியார் கிளினிக்குக்குப் போன் செய்தேன். "ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பீஸும்மா, மருந்துக்கு வேற" என்றார்கள். தாயோடு சேர்த்து நாலுக்கும் எங்களால் முடியாது. வெள்ளையை மட்டும் கொண்டுபோகலாமா என்று யோசித்தேன். மற்ற இரண்டின் வயிறும் அப்படித்தானே இருந்தது?

மெடிக்கலில் மனிதர்களுக்கான பூச்சி மாத்திரையைக் கொடுத்து, "கால்வாசி உடைச்சுக் குடுங்கக்கா" என்றார் கடைக்காரர். வாங்கி வந்து உடைத்தும்விட்டேன். வீட்டுக்காரர் தடுத்தார்.

"எம்புட்டு குடுக்கணும்னு தெரியுமா? நீயே கொன்னுறாத."

கீழ்வீட்டு அக்கா கோழி வளர்ப்பவர். "கவர்மெண்டு மாட்டாஸ்பத்திரில காசு வாங்க மாட்டாக. தூக்கிட்டுப் போத்தா" என்றார். கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள் தைக்காமல் கிடந்தன. தைத்துக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று தள்ளிப்போட்டேன். அப்படியே நாலு நாள் போனது. தைக்கும்போது வெள்ளைக் குட்டி என் இடது பாதத்தின் மேலேயே படுத்துக் கிடந்தது. விளையாட்டு குறைந்துவிட்டதைப் பார்த்துக்கொண்டேதான் மிஷினை மிதித்தேன்.

ஐந்தாம் நாள் குட்டிகளைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்து, மேலே துப்பட்டாவைக் கட்டி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். தாய்ப்பூனை பிடி கொடுக்காமல் சுவரேறி ஓடிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆட்டுக்காரர்கள் நடுவே காத்திருந்தேன். டாக்டரம்மா குட்டிகளை எடை போட்டு, சொட்டு மருந்து கொடுத்தார். வெள்ளையின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு காகிதமாக வெளுத்திருந்தது.

"ரத்தமே இல்லம்மா. முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

வெள்ளையைத் திரும்பக் கூடைக்குள் வைத்தேன்.

"ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் குடுக்கணும். தாய்க்கும் சேத்துக் குடுக்கணும். பால் வழியாவும் புழு இறங்கும்" என்று குட்டிகளுக்குச் சொட்டு மருந்தும் தாய்க்கு ஒரு மாத்திரையும் தந்தார். மெடிக்கல் மாத்திரையைச் சொன்னதும், "நல்லவேளை, குடுக்கல" என்றார்.

மறுநாள் மதியம் வெள்ளைக் குட்டி செத்துப்போனது. வீட்டுக்காரர் சாப்பிடாமல் அதை ஒரு ஜாக்கெட் துணியில் சுற்றி, வாய்க்கால் ஓரம் புதைத்துவிட்டு வந்தார். அழுது நான் பார்த்திராத மனிதர் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார்.

தாய்க்கு மாத்திரையை மீனுக்குள் வைத்தேன். மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பியது. பொடித்துப் பாலில் கலந்தேன், மோந்துவிட்டு நகர்ந்தது. துண்டால் போர்த்திப் பிடித்தபோது கையைக் கீறிவிட்டு ஓடியது. மூன்று நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

ரெண்டாம் தடவை மருந்து கொடுப்பதற்குள் ஒரு குட்டி காணாமல் போனது. மிஞ்சிய கறுப்புக் குட்டிக்கு மட்டும் கொடுத்தேன். அதன் வயிறு வற்றியது, ஆனால் வளர்த்தி இல்லை. இப்போதும் கைக்குள் அடங்குகிற அளவுதான்.

போன வாரம் தாய் படியேறி வந்தது. வயிறு இருபக்கமும் புடைத்திருந்தது. புழு இல்லை, சினை.

"புடிச்சுட்டுப் போயி மருந்து குடுப்போமா?" என்று கேட்டேன்.

"எத்தனையத்தான் காப்பாத்துவ?" என்றார் வீட்டுக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. தட்டில் சோறு வைத்தேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே தின்றது. நான் ஒரு அடி எடுத்து வைத்ததும் இறங்கி ஓடிவிட்டது.