தங்க ஊசி

ரிச்சர்ட்ஸ் டவுனில் என் பெரியம்மா பியாட்ரிஸைப் பார்த்தால் தெரு நாய்கூட ஒதுங்கிப் போகும். க்ஷயரோக ஆஸ்பத்திரியில் நர்ஸ். வராந்தாவில் வெற்றிலை துப்பிய ஒரு கான்ட்ராக்டரை அவருடைய அங்கவஸ்திரத்தாலேயே துடைக்க வைத்தவள். அப்படிப்பட்டவள் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சட்டத்தை மீறினாள். அதையும் பாசத்துக்காக மீறினாள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

1933-இல் அவளுடைய தம்பி டென்சில் அவள் வார்டுக்கே நோயாளியாக வந்து சேர்ந்தார். கல்யாணம்கூட வேண்டாமென்று அவள் வளர்த்த தம்பி. அந்தச் சமயம் டாக்டர் சேஷகிரி ஓர் ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார். தங்க உப்பை ஊசியில் ஏற்றினால் நுரையீரல் புண் ஆறும் என்று சீமையில் பேச்சு. நிஜமா என்று பார்க்க, ஒரே அளவு நோய் உள்ளவர்களை ஜோடி சேர்த்து, ஒருவருக்குத் தங்கம், மற்றவருக்கு வெறும் உப்புத் தண்ணீர் என்று வைத்தார். யாருக்கு எது என்பதைக் காசு சுண்டித் தீர்மானித்தார். ஒளித்து மறைக்கத் தெரியாத மனிதர், கட்டிலருகிலேயே சுண்டினார்.

டென்சிலுக்கு ஜோடி பக்கத்துக் கட்டில் ஓஸ்வால்ட், ஒக்கலிபுரத்து ரயில்வே ஃபிட்டர். ராஜா தலை விழுந்தது. தங்கம் ஓஸ்வால்டுக்கு.

"பாத்தியாக்கா, நம்ம லக்கு அவ்ளோதான்" என்று டென்சில் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வாராவாரம் ஊசி போடுவது பெரியம்மா. இரண்டு மருந்தும் பார்வைக்குத் தண்ணீர் மாதிரிதான். முதல் வாரமே மாற்றிப் போட்டாள். ஓஸ்வால்டின் பங்கைத் திருடுகிறோம் என்று தெரிந்தேதான் செய்தாள். தம்பியிடம்கூட மூச்சு விடவில்லை.

கொஞ்ச நாளில் டென்சிலுக்கு வாயெல்லாம் புண், உடம்பெங்கும் தடிப்பு. டாக்டர் குழம்பிப்போனார்.

"வெறும் உப்புத் தண்ணிதானே போடறோம், இது எங்கேர்ந்து வந்தது சிஸ்டர்?"

"தெரியலை டாக்டர்."

வேறு ஜோடிகளில் தடிப்பு கண்டவர்களுக்கு அவர் தங்கத்தை உடனே நிறுத்தியிருந்தார். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் உள்ளே இருக்கும் விஷம்தான் வெளியே வருகிறது, இன்னும் ஓர் ஊசி போட்டால் தேறிவிடுவான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போட்டாள். முகமும் காலும் வீங்கிச் சிறுநீர் நின்ற பிறகுதான் டாக்டரிடம் ஓடி உண்மையைச் சொன்னாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனேம்மா" என்றார் அவர். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டென்சில் பிழைக்கவில்லை. பெரியம்மா வேலையை விட்டாள். ஓஸ்வால்டோ பாலும் முட்டையும் ஓய்வுமாகத் தேறி வீடு போனார். அவரிடம் உண்மையைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பிளம் கேக்கோடு வந்துவிடுவார். 1941-இலும் வந்தார்.

"சிஸ்டர் கைராசி! அந்தத் தங்கம் இல்லேன்னா நான் எப்பவோ கல்லறைக்குப் போயிருப்பேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாவம் டென்சில், அவனுக்கும் அது கெடைச்சிருக்கணும்" என்றார்.

பெரியம்மா கேக்கை வெட்டி, பெரிய துண்டாக அவர் தட்டில் வைத்தாள். எனக்கு அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போலிருந்தது. அவர்மேல் என்ன தப்பு?

அவர் போனதும், "இனிமே வர வேண்டாம்னு சொல்லிடட்டுமா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"வரட்டும்டி" என்றாள். "நான் சும்மா இருந்திருந்தா டென்சிலும் இப்பிடித்தான் இருந்திருப்பான். தலை நரைச்சு, தொந்தி போட்டுக்கிட்டு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதைப் பாத்துக்கறேன்."