அசைந்தால் எரியும் விளக்கு

வாவிக்கரையில் நான் பொறுப்பாளராக இருக்கும் முதியோர் இல்லத்தில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று நிர்வாக சபை முடிவெடுத்தது. பழைய மின்விசிறிகளைக் கழற்றிப் புதியவை பூட்டினார்கள். அது நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூடத்திலும் கழிப்பறைகளிலும் ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்குகளைப் போட்டார்களே, அந்த யோசனையைச் சொன்னவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வயதானவர்கள் எங்கே அசைகிறார்கள்? கழிப்பறையில் உட்கார்ந்த சற்று நேரத்தில் இருட்டிவிடும். "மகள், லைற் போயிற்று" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "கையை ஆட்டுங்க, கையை ஆட்டுங்க" என்று வெளியே நின்று கத்திக் கத்தியே களைத்துப்போனேன். ஒருநாள் நானும் அப்படி இருட்டில் உட்கார்ந்து காற்றில் கை வீசினேன். சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

மாலைத் தேநீருக்குப் பிறகு கூடத்தில் நாலு பேர் சீட்டுக் கடதாசி விளையாடுவார்கள். கதவுக்கு மேலே பூட்டியிருந்த அந்த விளக்கின் கண்ணுக்கு அவர்களுடைய அசைவு போதாது. விளக்கு அணைந்ததும் கடதாசியை மேசையில் எறிந்துவிட்டு என்னை ஏசுவார்கள்.

எங்களிடம் தேற்றாத்தீவுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார், முன்பு பஸ் சாரதி. கைநடுக்க வருத்தம், வலது கை ஓயாமல் ஆடும். சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பவர் கட்டியிருக்கும் சாரத்தில் சொதி தெறிக்கும் என்று அவரோடு ஒருவரும் உட்காருவதில்லை. மூலையில் தனியே சாப்பிட்டுவிட்டுக் கட்டிலுக்குப் போய்விடுவார். பார்க்க எனக்கு மனம் கேட்காது, ஆனால் யாரைப் பிடித்து அவர் பக்கத்தில் இருத்துவது?

ஒரு மாலை அவர் சும்மா வந்து கதவோரக் கதிரையில் இருந்தார். அன்று ஆட்டம் முடியும்வரை விளக்கு அணையவே இல்லை. அவருடைய கைதான் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மறுநாள் கட்டிலடிக்கே போய், "அண்ணன், வாங்க. நீங்க இல்லாட்டி எங்களுக்கு விளையாட்டு இல்ல" என்று கூட்டிவந்தார்கள். அந்தக் கதிரை அவருடையதானது. தேநீர் முதலில் அவருக்குப் போனது. தினமும் முகம் மழித்துவிடச் சொல்லி மனிதர் என்னைக் கரைச்சல்படுத்தத் தொடங்கினார்.

பிறகு கிளினிக்கில் மருந்தை மாற்றினார்கள். சில கிழமைகளில் கை அடங்கியது. சிந்தாமல் சாப்பிட்டார், எனக்கு அப்படியொரு சந்தோசம். கூடத்திலோ விளக்கு மறுபடியும் அணைந்தது. "என்ன அண்ணன், உங்கட கைக்கு என்ன நடந்த?" என்று அவர்கள் சிரித்துக்கொண்டு பகிடிக்குக் கேட்டதை அவர் மனதில் போட்டுக்கொண்டார் போலும். கை திரும்பவும் ஆடத் தொடங்கியது. ஏனென்று விளங்காமல் இருந்த நான், விரிப்பை மாற்றும்போது தலையணை உறைக்குள் மாத்திரைகளைக் கண்டேன்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "என்ன வேலை இது? மருந்தில்லாம விழுந்து இடுப்பு முறிஞ்சா ஆர் பார்க்கிற?"

"கை ஆடாட்டி என்னை ஆர் மகள் கூப்பிடப் போறாங்க?"

"லைற் நூந்தா கையத் தூக்கி ஆட்டுங்களன்."

"அத ஆரும் செய்யலாம்தானே" என்றார்.

தண்ணீரைக் கொடுத்து, என் கண் முன்னாலேயே மாத்திரையை விழுங்க வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் நின்றேன். இருக்கிற வேலைகளோடு அதுவும் ஒரு வேலை.

கை மீண்டும் அடங்கியதும் அவர் கூடத்துக்கு வர மறுத்தார். நான்தான் இழுத்துக்கொண்டு போய் அந்தக் கதிரையில் இருத்தினேன். கை மடியில் அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது. மேசையில் நாலு பேர், எட்டுக் கைகள். ஒன்றுகூட உயரவில்லை. இவர்களுக்குக் கை தூக்கவும் பஞ்சி, சோம்பேறிகள் என்று அலுத்துக்கொண்டு நானே போய்க் கையை ஆட்டப் புறப்பட்டேன். அதற்குள் இருட்டிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

"என்ன அண்ணன், நித்திரையா? உங்கட வேலையப் பாருங்க!"

பெரியவர், பஸ்ஸை மறிக்கிறவர்களைப் போலக் கையை நன்றாக உயர்த்தி ஆட்டினார். விளக்கு எரிந்தது.