சேஸைத் திரும்பக் கேட்ட கம்பெனி

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று இன்றைக்கும் யாராவது எழுதினால் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. நாமக்கல்லில் வந்திருக்க வேண்டிய ஒரு புத்தகம் வராமலே போனது.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆடும் ஒரு விளையாட்டுக்கான புத்தகம் அது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடமாடுவார்கள். வீசிய வாள் பட்டதா, தப்பியதா என்பதைப் பகடை முடிவு செய்யும். எங்களுக்குக் கதை சொன்னவர், கம்பெனியிலிருந்து வரும் சேஸ் என்ற வெறும் அடிச்சட்டத்தின் மேல் லாரி பாடி கட்டும் பட்டறை நடத்தும் நண்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையின் ஆபீஸ் அறையில் ஆடுவோம். சங்ககிரிக் கோட்டையை வைத்து அவரே ஆடுவதற்கான ஒரு சாகசக் கதையைத் தமிழில் எழுதினார். 2020 ஊரடங்கில் தொடங்கி 2022 தீபாவளிக்கு முடித்தார். ஒவ்வொரு திருத்தத்தையும் வாங்கித் தேதி போட்டு வைத்தவன் நான்.

கதை அவருடையது. விளையாட்டின் விதிகள் ஓர் அமெரிக்கக் கம்பெனியுடையவை. வெளியார் யாரும் இவற்றை வைத்துப் புத்தகம் போட்டு விற்கலாம் என்று இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் பொது உரிமம் கொடுத்திருந்தார்கள். அதை நம்பித்தான் எத்தனையோ சின்னப் பதிப்பகங்கள் பிழைத்தன. எதற்கும் ஒரு வக்கீலிடம் காட்டலாமே என்றேன். நண்பர் சிரித்தார்.

"ஏனுங்ணா, சேஸ் கம்பெனிக்காரனுது, பாடி நம்முளுது. பாடி கட்டுன பொறவு சேஸைத் திருப்பிக் குடுன்னு எவனாச்சும் கேப்பானா?"

லாரி பாடி கட்டியே பிழைக்கும் இந்த ஊரில் வேறு எப்படி யோசிக்க முடியும்? ஆனால் சேஸை விலைக்கு வாங்குகிறோம். உரிமத்தை யாரும் எங்களுக்கு விற்கவில்லை.

2023 ஜனவரி, பொங்கலுக்கு முந்தைய வாரம். கம்பெனியின் புது உரிம வரைவு வெளியே கசிந்தது. பழைய உரிமம் இனிச் செல்லாதாம். நாம் எழுதியதை அவர்களும் எடுத்துப் பயன்படுத்தலாமாம். வேண்டாம் என்று தோன்றினால் நோட்டீஸ் கொடுத்து நம் அனுமதியை ரத்து செய்யலாமாம். இரண்டு தலைமுறை ஆட்களை எழுதவைத்து, அதனாலேயே தங்கள் விளையாட்டை உலகெங்கும் பரப்பிக்கொண்டவர்கள் இப்படி எழுதினார்கள். கூச்சம் என்ற ஒன்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் இல்லையா?

"அவன் கேஸ் போட்டா நான் எந்தக் கோர்ட்டுல போய் நிக்கறதுங்க?" என்றார் நண்பர்.

"நீ ஒருத்தன் இருக்கறதே அவனுக்குத் தெரியாதப்பா."

"தெரிஞ்சுதுன்னா?"

அச்சகத்தில் புத்தகத்தின் அட்டை மட்டும் அச்சாகியிருந்தது. அதைக் கட்டோடு பழைய பேப்பர் கடையில் போட்டார். கம்ப்யூட்டரில் இருந்த மொத்தத்தையும் அழித்தார். அந்தப் பொங்கலுக்கு அவர் யார் வீட்டுக்கும் போகவில்லை.

மாதம் முடிவதற்குள் கம்பெனி பின்வாங்கியது. உலகெங்கும் ஆடுகிறவர்கள் கொதித்ததால் விதிகளைத் திரும்பப் பெறவே முடியாதபடி பொதுவில் விட்டார்கள். இணையத்தில் ஒரே கொண்டாட்டம். நான் பென்டிரைவை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். அவர் அழித்தது அத்தனையும் என்னிடம் இருந்தது.

அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

"மூணு வாரம் களவாணி மாதிரி இருந்தனுங்ணா. நானே எழுதுன கதைக்கு. போலீஸ் வண்டி ரோட்டுல போனாக் கூடத் திரும்பிப் பாத்தன். வேண்டாமுங்க."

"இப்ப எந்தப் பயமும் இல்லயேப்பா!"

"பயம் போயிருச்சு. ஆசையும் போயிருச்சு. வேணும்னா நீங்களே போட்டுக்கங்க. எம்பேரு வேண்டாம்."

ஒரு வரிகூட நான் எழுதாத புத்தகத்தை அவர் பெயர் இல்லாமல் எப்படிப் போடுவது? கத்தினேன். கோழை என்றேன், பைத்தியக்காரன் என்றேன். வெல்டிங் செய்துகொண்டிருந்தவர்கள் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்கள். அவர் தலை குனிந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அந்தப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டிய கம்பெனிக்காரர்கள் ஒருவர்கூட அங்கே இல்லை.