பின் சீட்டில் எழுந்த புகை

அக்காவின் கணவர் இறந்த பிறகு அவருடைய கார் என்னிடம் வந்தது. கம்பத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் மேனேஜராக இருந்தவர் மச்சான். அக்காவைத் தேனி கண் ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் கூட்டிப் போவேன். பின் சீட்டில்தான் உட்காருவாள். வெயில் ஆகாது என்று கண்ணாடிகளை ஏற்றி ஏசி போடச் சொல்வாள்.

போன கோடையில் ஒரு நாள் டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். அனுமந்தன்பட்டி தாண்டியதும் அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"ஏலே, அவுக வந்துட்டாக."

"யாருக்கா?"

"ஒங்க மச்சான்தான். இங்கன உக்காந்திருக்காக. அவுக வாசம் அடிக்குது பாரு."

கொரோனா வந்துபோனதிலிருந்து என் மூக்குக்கு எந்த வாசமும் தெரியாது. உள் கண்ணாடியில் பார்த்தேன். அக்கா ஓரமாக ஒதுங்கி, பக்கத்துக் காலியிடத்தைப் பார்த்து, "சாப்பிட்டீகளா?" என்றாள். பதிலைக் கேட்டவள் போலத் தலையாட்டிச் சிரித்தாள். 

சின்னமனூர் வருவதற்குள் அவள் பேச்சு குழறியது, தலை துவண்டது. வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து, மரத்தடியில் உட்கார வைத்தேன். காற்றுப்பட்டதும் தெளிந்து, "எங்க போயிட்டாக?" என்று கேட்டாள்.

எனக்கும் தலை வலித்தது. ஏசியில் ஏதோ கோளாறு என்று நினைத்து, அதை அணைத்து முன் கண்ணாடிகளை இறக்கிக்கொண்டு போய், தேனிக்கு முன்னால் பழனிசெட்டிபட்டி ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன். கதவைத் திறந்த மெக்கானிக் பின்வாங்கினார்.

"பெட்ரோல் நாத்தம் குடலப் பொரட்டுது. எப்பிடிண்ணே இதுக்குள்ள உக்காந்து வந்தீக?"

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். குழாய்கள் எல்லாம் காய்ந்திருந்தன.

"சொட்டுனா கண்ணுல பட்டுரும். இது ஆவிண்ணே. பொகை விட்டுத்தான் பாக்கணும்."

ஆவி என்றதும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்தாள்.

காரை வெட்டவெளிக்குத் தள்ளி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, மெஷின் வழியாக டேங்க்குக்குள் வெள்ளைப் புகையைச் செலுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பின் சீட்டின் இடுக்கிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. காற்றில்லாத காருக்குள் கலையாமல், ஒரு ஆள் உட்கார்ந்தால் தலை வரும் உயரத்துக்கு வந்து நின்றது.

"அங்கனதான் உக்காந்திருந்தாக" என்று அக்கா எழுந்துவிட்டாள்.

மெக்கானிக் சீட்டைத் தூக்கினார். அடியில், டேங்க்கின் பம்ப் மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. டேங்க் நிறைந்து வெயிலும் ஏறினால் பெட்ரோல் ஆவி அந்த வெடிப்பு வழியே உள்ளே வருமாம். புது வளையம் போட்டு மறுபடி புகை விட்டார், எங்கும் கசியவில்லை.

ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும்போது எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி வைத்தேன். வழியில் அக்கா கேட்டாள்:

"ஏலே, அந்தப் பழைய ரப்பர என்ன செஞ்ச?"

"ஒர்க்‌ஷாப்லயே போட்டாச்சுக்கா."

அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினாள். கம்பம் வரும்வரை, மூச்சை ஆழமாக இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.