எதிர்வீட்டில் அழுகுரல் கேட்காத காலை

1. போன டிசம்பரில், மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் ஊரில், வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து கணினி வழியாக ஓர் ஆங்கிலத் தேர்வு எழுதினேன். வெளிநாட்டில் பொருளாதாரம் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க அந்த மதிப்பெண் தேவைப்பட்டது.

2. நான் எழுதிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு மாமா இறந்துபோனார்.

3. தெருவில் யாரும் அழவில்லை.

4. தேர்வு எந்தத் தடையும் இல்லாமல் முடிந்தது.

எதையும் இப்படி வரிசை போட்டு எழுதிப் பார்ப்பது என் பழக்கம். பொறியியல் படிக்கும்போது வந்தது. பெரும்பாலான விஷயங்கள் அதிலேயே தெளிந்துவிடும். இதில் மூன்றாவது வரி மட்டும் ஒற்றை வரியாக நிற்க மறுக்கிறது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

கணினிப் பொறியியல் முடித்துவிட்டுச் சென்னை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. மழை மாதங்களில் உப்பளம் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விடும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்போது கூலி கிடையாது. அந்த மாதங்களில் யார் வீட்டில் எது குறைகிறது, முதலில் பாலா, மருந்தா, பிள்ளைகளின் டியூஷனா என்று சின்ன வயதிலிருந்தே பார்த்து வந்திருக்கிறேன். அதை முறையாகப் படிக்க வேண்டும் என்பதுதான் பொருளாதாரத்தின் பக்கம் என்னைத் தள்ளியது.

உதவித்தொகையோடு விண்ணப்பிக்க ஜனவரி தொடக்கம்தான் கடைசி. சென்னையில் தேர்வு மையத்தில் இடம் பதிவு செய்திருந்தேன். கனமழையில் அந்தத் தேர்வு ரத்தாகிவிட்டது. அடுத்த தேதி, கடைசி நாளுக்குப் பிறகு. மிச்சமிருந்தது வீட்டிலிருந்து எழுதும் தேர்வு ஒன்றுதான். அதற்கு விதிகள் அதிகம். அறையில் தனியாக இருக்க வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். இன்னொரு மனிதக் குரல் தெளிவாகக் கேட்டால், மறுமுனையில் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பவர் தேர்வை நிறுத்திவிடலாம். நிறுத்தினால் ஒரு வருடம் போய்விடும். ஒரு வருடம் தள்ளினால் வீட்டில் கல்யாணப் பேச்சு வந்துவிடும். அதன்பிறகு எந்த ஊருக்கு விண்ணப்பிப்பது என்பதை நான் மட்டும் முடிவு செய்ய முடியாது.

எங்கள் வீட்டுக்கு ஓட்டுக்கூரை. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி. தெருவில் தும்மினால் உள்ளறையில் கேட்கும். அதனால் சத்தம் எங்கெங்கிருந்து வரும் என்று குறித்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போய்க் கேட்டேன்.

முதலில் கோயில் மைக். மார்கழி என்பதால் விடியலில் போட்ட பாட்டை வெயில் ஏறும்வரை நிறுத்த மாட்டார்கள். மைக் செட் போடும் அண்ணன் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மார்கழில சாமிக்கு லீவு வுடச் சொல்றியா?"

"ரெண்டு மணி நேரம் தாண்ணா."

"சரி, நான் சாமிகிட்ட பேசிக்கிறேன். ஆனா ஃபெயில் ஆயிட்டு வந்து மைக் மேல பழி போடக் கூடாது."

தெருநாய் ஒன்று எங்கள் வாசலில்தான் படுத்திருக்கும். அதைப் பொறை பிஸ்கட் காட்டி உப்பளம்வரை கூட்டிப் போய்விடுவது அப்பாவின் பொறுப்பு. மீன்கார அக்கா அன்று பின்தெரு வழியாகப் போவதாகச் சொன்னார்.

கடைசியாக எதிர்வீட்டு அத்தை. சொந்த அத்தை இல்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். உப்பளத்தில் உப்பு வாருகிறவர். கடற்காற்றை மீறி ஒரு பாத்தியிலிருந்து பத்துப் பாத்தி தள்ளி நிற்பவரோடு பேசிப் பேசி ஏறிய குரல். அவர் வீட்டில் என்ன குழம்பு என்பது எங்கள் வீட்டுக்குத் தினமும் தெரியும். மாமாவும் முன்பு அதே உப்பளத்தில் வேலை செய்தவர்தான். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகக் கட்டிலில் இருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன்டி, மூச்சாவது வுடலாமா? இல்ல அதுக்கும் உங்க வெள்ளக்காரன்கிட்ட கேக்கணுமா?"

"மூச்சு வுடலாம் அத்தை. பேசத்தான் கூடாது."

"கேட்டியாய்யா," என்று உள்ளே திரும்பி மாமாவிடம் சொன்னார். "கல்யாணம் ஆனதுலருந்து உன்னால முடியாதத இவ ஒரு பரிச்சைய வெச்சி முடிக்கப் பாக்கறா."

மாமாவுக்கு வலது கை மட்டும் அசையும். அந்தக் கையை உயர்த்தி மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினார். சத்தத்தைக் குறை என்று அர்த்தம். வாய் ஒரு பக்கமாகக் கோணி, சிரித்தார். அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "போ, போயி எழுது. நான் வாயில கொழுக்கட்ட வெச்சிக்கினு ஒக்காந்துக்கறேன்," என்றார்.

தேர்வு நாளில் மழை இல்லை. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மறுமுனையில் இருந்தவர் சொன்னபடி மடிக்கணினியைத் தூக்கிச் சுவர், மேசைக்கு அடி, கூரை எல்லாவற்றையும் காட்டினேன். கூரையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு தொடங்கச் சொன்னார்.

நான் கவனித்தது ஒன்றுதான். அவ்வளவு அமைதியாக என் தெருவை நான் கேட்டதே இல்லை. மைக் இல்லை, நாய் இல்லை, அத்தை இல்லை. ஒரு பாத்திரம்கூட விழவில்லை. ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டது பலித்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பேச்சுத் தேர்வில், உங்களுக்குப் பிடித்த பயணம் எது, ஏன் என்று கேட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து புதுச்சேரி போவது பற்றி, வாயைத் திறந்து, தெளிவாக, நல்ல சத்தமாகப் பேசினேன்.

முடிந்ததும் கதவைத் திறந்தேன். அம்மா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிதும்மா."

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டியா? நல்லாப் பாரு."

திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"எதுத்த வூட்டு மாமா போயிட்டாருடி. நீ கதவச் சாத்தின கொஞ்ச நேரத்துல."

எங்கள் பக்கம் சாவுச் செய்தியை யாரும் சொல்லிக்கொண்டு போக வேண்டியதில்லை. அந்த வீட்டுப் பெண்ணின் முதல் ஒப்பாரிதான் செய்தி. அது கேட்டதும் தெரு கூடும். பிறகு மேளம், சங்கு, வெடி. அன்று இது எதுவும் நடக்கவில்லை. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அத்தை கஞ்சி ஊட்டப் போனபோது மாமாவுக்கு மூச்சு இல்லை. கத்த வாயைத் திறந்தவர், முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பின்கதவுக்கு வந்து கையைக் காட்டி அம்மாவை அழைத்திருக்கிறார். அம்மா போய்ப் பார்த்துவிட்டு, "நீ அழு. பரிச்சை கெடக்குது, அப்புறம் பாத்துக்கலாம்," என்று சொல்லியிருக்கிறார்.

"அவரு இனிமே எங்க போயிடப் போறாரு? பொண்ணு முடிக்கட்டும்," என்றாராம் அத்தை.

பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராகத் தெரிந்து வந்திருக்கிறார்கள். வந்தவர்களை எல்லாம் அத்தை வாயில் விரலை வைத்து உட்கார வைத்தார். மைக் செட் அண்ணன் மேளக்காரர்களை மெயின் ரோட்டிலேயே நிறுத்தி வைத்தார். சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கும், பெருமுக்கலில் இருக்கும் மாமாவின் அக்காவுக்கும் தோட்டத்துப் பக்கம் போய்க் கிசுகிசுத்துத்தான் போன் செய்தார்கள்.

"நீ இங்கிலீசுல பேசனது எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு," என்று அம்மா சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். பஸ் ஜன்னலோரத்தைப் பற்றி நான் பேசியதுதான் அந்தச் சாவு வீட்டில் அப்போது கேட்ட ஒரே குரல்.

நான் எதிர்வீட்டுக்குப் போனபோது பெருமுக்கலில் இருந்து மாமாவின் அக்கா வந்துவிட்டிருந்தார். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல் பேசிக்கொண்டிருந்தார்.

"தெரு முனைல எறங்கறேன், ஒரு மோளச் சத்தம் இல்ல. வாசல்ல பந்தல் இல்ல. சங்கு இல்ல. சரி, இவளாவது அழுவான்னு பாத்தா, சினிமாவுக்கு ஒக்காந்த மாரி ஒக்காந்துக்கினு இருக்கறா. என் தம்பி நாய் மாரியா செத்தான்? ரெண்டு வருசம் பீ மூத்தரம் எடுத்தாளே, தொல்ல வுட்டுதுன்னு இருக்கறாளா?"

அத்தை மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். தேர்வு முடிந்தது என்று தெரிந்து, பக்கத்தில் இருந்தவர்கள் "இப்ப அழு" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அழுகை வரவில்லை. கண் வறண்டு போய்க் கிடந்தது. பார்க்கிறவர்களுக்கு அந்த அம்மா சொல்வது சரியென்றுதான் தோன்றும். இன்னும் சொந்தக்காரர்கள் வருவார்கள். புருஷன் சாவுக்கு அழாதவள் என்ற பேச்சு பெருமுக்கல்வரை போய், அங்கிருந்து இன்னும் தூரம் போகும். அத்தையின் பேருக்கு அது காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும்.

நான் முன்னால் போய் நின்றேன்.

"எனக்காகத்தாங்க யாரும் அழல. நான் வூட்ல பரிச்சை எழுதிக்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டா நிறுத்திடுவாங்க."

"என்னா பரிச்ச? கலெக்டர் பரிச்சயா?"

"இல்லைங்க. வெளிநாட்டுல போய்ப் படிக்கறதுக்கு."

"நீ வெளிநாடு போறதுக்கு என் தம்பி சாவு வாசல்ல காத்துக்கினு நிக்கணுமா?"

அந்த அம்மா என்னைப் பார்த்து இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் அத்தை எழுந்தார்.

"அண்ணி, அந்தப் பொண்ணு மேல பாயாத. அவ ஒண்ணும் சொல்லல. அவளுக்குத் தெரியவே தெரியாது. நாந்தான் வாய மூடிக்கினு இருந்தேன். எல்லாரையும் மூடச் சொன்னதும் நாந்தான். என்ன கேளு."

காலையிலிருந்து அடைத்து வைத்திருந்த குரல் முழுசாக வெளியே வந்தது. தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

"கல்யாணம் ஆன நாள்லருந்து இந்த மனுசன் எங்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். மெதுவாப் பேசுடி, மெதுவாப் பேசுடின்னு. பேச்சு போன பொறவு கையக் கையக் காட்டுச்சி. ஒரு நாளு கேட்டனா நானு? இன்னிக்குத்தான் மெதுவா இருந்தேன். இன்னிக்குத்தான்…"

அந்த வார்த்தையிலேயே குரல் திரும்பியது. திட்டாகத் தொடங்கியது ஒப்பாரியாக மாறியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பெருமுக்கல் அம்மா கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டார். அதன்பிறகு அங்கே இருந்த எல்லாப் பெண்களும் அழுதார்கள். நானும்தான். கொஞ்ச நேரத்தில் மேளமும் வந்து சேர்ந்தது.

சாயங்காலம் மகன் வந்த பிறகு மாமாவை எடுத்தார்கள். பதினாறாம் நாள்வரை பெருமுக்கல் அம்மா அத்தையோடேயே இருந்தார். என்னைப் பார்த்தால் பேச மாட்டார். போகிற அன்று மட்டும், "பரிச்ச என்னாச்சு?" என்று கேட்டார். தேறிவிட்டதைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். தேர்வில் நான்கு பகுதிகள். கேட்டல் பகுதியில்தான் எனக்கு அதிக மதிப்பெண்.

விண்ணப்பத்தோடு, ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கட்டுரையும் அனுப்ப வேண்டும். ஏற்கெனவே வெளிநாட்டில் படிக்கும் தோழி ஒருத்தி அதைச் சரிபார்த்துக் கொடுத்தாள். பேச்சுவாக்கில் அன்று நடந்ததைச் சொன்னேன். "இத முதல் பாராவுல போடு. படிக்கறவங்க யாரும் உன்ன மறக்க மாட்டாங்க," என்றாள். அவள் சொன்னது சரி. எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நன்றாகவே வந்தது. மறுபடி படித்தபோது, அதில் நான் ஒரு கிராமமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த பெண்ணாக இருந்தேன். அத்தை ஒன்றரை வரியில் வந்து போனார். அழித்துவிட்டு, மழை மாதங்களில் உப்பளக் குடும்பங்கள் எதை முதலில் விடுகிறார்கள் என்ற என் பழைய கேள்வியையே எழுதி அனுப்பினேன். அது அவ்வளவு உருக்கமாக இல்லை. ஆனால் அது என்னுடையது.

நடந்ததை இங்கே தமிழில் எழுதலாமா என்று அத்தையிடம் போய்க் கேட்டேன். "எழுதிக்க. எம் பேரு போடாத. அண்ணி பேரும் போடாத, அத வேற படிச்சிட்டு சண்டைக்கு வரும்," என்றார்.

இன்றைய நிலவரம் இதுதான். விண்ணப்பித்த மூன்றில் ஒரு பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. ஒன்று காத்திருக்கச் சொன்னது. ஒன்று உதவித்தொகையோடு இடம் கொடுத்திருக்கிறது. செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது, விசா இன்னும் வரவில்லை. அத்தை மறுபடி உப்பு வாரப் போகிறார், சாயங்காலம் திரும்பியதும் வீட்டில் முன்பைவிடக் குறைவாகத்தான் பேசுகிறார். அவர் எனக்காக அன்று விட்டுக்கொடுத்ததை எந்தப் படிப்பாலும் என்னால் ஈடுசெய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். அது தெரிந்தேதான் நான் போகிறேன்.