காய்பாவின் பஞ்சுத் தாடி

பெரிய வெள்ளி வந்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். துக்க நாளில் கோபப்படலாமா என்று கேட்கிறவர்கள் எங்கள் சபையில் அந்த ஒரு பெரிய வெள்ளியைப் பார்த்திருக்க வேண்டும்.

விருத்தாசலத்தில் எங்கள் சபைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பீங்கான் கம்பெனி ஆட்கள். அம்மாவுக்கும் அங்கேதான் வேலை, கப்புகளுக்குப் பிடி ஒட்டுவது. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றிப் பெரிய வெள்ளியன்று ஏழு பேர் பேசுவது வழக்கம். ஒரு வருடம் மூன்றாம் வார்த்தை பேச வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட, கடைசி நேரத்தில் அம்மாவைப் பேசச் சொன்னார்கள். பெற்ற மகன் சாகும்போது தொடக்கூட முடியாமல் கீழே நின்ற மரியாளைப் பற்றி அம்மா பேசினாள். யாரோ அதை செல்போனில் பிடித்து சபை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். குவைத்திலிருந்த எங்கள் சபை ஆட்கள்கூட அழுதுகொண்டே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்கள். பாஸ்டரும் வாராவாரம் தன் பிரசங்கத்தை அதே குரூப்பில்தான் போடுவார். பதிலுக்கு ஒரு ஸ்தோத்திரம்கூட வராது.

அதற்குப் பிறகு கம்பெனிப் பெண்கள், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, புருஷன் குடிக்கிறான் என்று ஜெபம் கேட்டு எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். பாஸ்டர் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, என் மாமா, சபைச் செயலாளர். ஒருநாள் அவர் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, "பாஸ்டரு பேசுறத கேக்குறதுக்குப் பதிலா நம்ம வூட்டுலயே ஒரு சபை வச்சிடலாம்டா" என்று சிரித்தாள். மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அடுத்த பெரிய வெள்ளிக்கு முன்னால், அம்மாவே பேச வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். சபைக் கூட்டம் போட்டார் பாஸ்டர். மாமா எழுந்து, அக்கா தனிச்சபை வைக்கப்போகிறாள், என்னிடமே சொன்னாள் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாள் என்பதை மட்டும் விட்டுவிட்டார். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கும்வரை அம்மாவுக்குத் திருவிருந்து அப்பமும் ரசமும் கிடையாது, சபையில் வாய் திறக்கவும் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. செய்யாத குற்றத்துக்கு யார் மன்னிப்புக் கேட்பார்கள்? அம்மா கேட்கவில்லை. ஜெபத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களும் அன்றோடு எங்கள் தெருப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு இதையெல்லாம் யார் சொல்வார்கள்? என் ஆத்திரமெல்லாம் பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று போட்ட நாடகத்தின் மேல்தான். கம்பெனிச் சூளையில் கப்பு அடுக்குகிற அண்ணன் ஒருவர், பஞ்சுத் தாடியும் ஜன்னல் திரையுமாகப் இயேசுவைப் பிடித்துக் கொல்லச் சொன்ன பிரதான ஆசாரியன் காய்பா வேஷம் கட்டியிருந்தார். இவனை விட்டால் ஜனமெல்லாம் இவன் பின்னால் போய்விடும் என்று அவர் கர்ஜித்தபோது, அவர்மேல் கல்லெறியலாமா என்றிருந்தது எனக்கு.

பெரிய வெள்ளியன்று மூன்றாம் வார்த்தையைப் பாஸ்டரே எடுத்துக்கொண்டார். மரியாளை ஓரிரு வாக்கியத்தில் முடித்துவிட்டு ஆசாரியர்களிடம் போனார். கோயிலைக் காப்பாத்துறோம்னு சொன்னாங்க, உள்ளே இருந்தது பூரா பொறாமை, அது தீர்ப்பு சொன்ன பிலாத்துவுக்கே தெரிஞ்சிருந்தது என்று மேஜையைத் தட்டினார். வாய் கூசவில்லை அந்த மனிதருக்கு. மாமா முன்வரிசையிலிருந்து சத்தமாக ஆமென் சொன்னார். அம்மா கடைசி வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆராதனை முடிந்து ஊற்றுகிற கஞ்சியைக்கூடக் குடிக்காமல் என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சாயங்காலம் மாமா வந்தார். "ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுட்டா முடிஞ்சிது, ஏங்க்கா வீம்பு பண்ற?" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அம்மா அடுப்பில் டீ வைத்தாள். அப்போது வாசலில் சூளை அண்ணன் நின்றார், கையில் தூக்குப் பாத்திரம்.

"கஞ்சி குடிக்காமயே வந்துட்டீங்களேக்கா."

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, மாமாவைத் தவிர, சபையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே மனிதர் அவர்தான். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்கதான இயேசுவப் புடிச்சிக் குடுத்தீங்க? எங்க வூட்டுக்கு வராதீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். உள்ளே மாமா உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. தூக்கை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "போயிட்டு வரேங்க்கா" என்று இறங்கிப் போனார்.

"அது அவன் இல்லடி" என்றாள் அம்மா.

"பின்ன யாரும்மா?"

அம்மா டீயை வடிகட்டினாள். மாமாவுக்கு டீயைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள்.

மாமாவின் மகனுக்கு மிஷன் பள்ளியில் கிளார்க் வேலை பேசி முடித்திருந்ததும், அந்தப் பள்ளிக்குப் பாஸ்டர்தான் தாளாளர் என்பதும் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் பிடி கோணலாகிக் கம்பெனியில் கழித்துப்போட்ட கப்புகள். மாமாவுக்கென்று மட்டும் ஒரு நல்ல கப்பு உண்டு. நான் அதைத் தேடி எடுத்து, சர்க்கரை கொஞ்சம் கூடவே போட்டுக் கொண்டுபோனேன்.

"அந்த ஆள நம்ம வூட்டுல சேக்கவே கூடாது மாமா" என்றேன்.

மாமா டீயை ஊதிக்கொண்டே, "சேக்க வேணாம் கண்ணு" என்றார். நான் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.